ஐபேடுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் நடுவில் ஒரு ஏரி

மழை என்றால் அப்படி ஒரு மழை...! பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் தங்கள் தலைக்குக் குடை பிடித்திருக்க, கலைவாணி மட்டும் நெஞ்சோடு அணைத்திருந்த ஐபேடுக்குக் குடை பிடித்தபடி தொப்பலாக நனைந்து ஓடினாள். எதிரே தெரிந்த செல்போன் கடைக்குள் பாய்ந்தாள். பாய்ந்த வேகத்தில், வாசல் வெளிச்சத்தில் நின்று ஒரு போனைக் கழற்றிக்கொண்டிருந்தவன் மேல் டமாலென்று மோதினாள்.

"ஐயோ... ஸாரி, ஸாரி!"

"ஸாரி இருக்கட்டும் மேடம். நவுராதீங்க... உங்க காலாண்ட ஒரு ஸ்க்ரூ கீது."

அவன் குனிந்து அதைப் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தான். அப்போதுதான் அவள் அந்தக் கண்களைப் பார்த்தாள். வாய் சிரிப்பதற்கு முன்பே சிரித்துவிடுகிற கண்கள்... இமையில் மழைத்தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் பார்த்தது ஒரே ஒரு நொடிதான். ஆனால் கொஞ்சம் நீளமான நொடி.

"இன்னா வேணும்?"

"இதுக்கு ஒரு சார்ஜர் ஒயர். பழசு அறுந்துபோச்சு. நாளையிலேருந்து ஒரு மாசம் இது அணையவே கூடாது."

"ஐபேடா...!" அவன் அந்த 'டா'வை வண்டலூர் வரைக்கும் இழுத்தான்.

"ஏன், ஐபேடுக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல... ஒயர் கூட அதுக்குன்னு தனியா வேணும் பாருங்க. நம்ம ஆண்ட்ராய்டுன்னா டீக்கடையில கேட்டாக்கூட சார்ஜர் குடுப்பாங்க. எடம் பத்தலன்னா மெமரி கார்டு சொருகலாம். முன்பக்கத்த நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாம். பின்னால போவணும்னா ஓரத்துல ஒரு தள்ளு, முடிஞ்சது. உங்களுதுல ஒவ்வொரு ஆப்லயும் அந்த அம்புக்குறி எங்க ஒளிஞ்சிருக்குன்னு தேடணும்."

"தேடத் தெரியாதவங்களுக்குக் கஷ்டம்தான்." துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "எங்க அண்ணன் மஸ்கட்லேருந்து இத்த அனுப்பி ஆறு வருஷம் ஆவுது. நேத்து வாங்குன மாதிரி ஓடுது. வருஷா வருஷம் அப்டேட் வந்துச்சு. உங்க ஆண்ட்ராய்டுக்கு எப்ப கடைசியா வந்துச்சு?"

அவன் கையிலிருந்த ஸ்க்ரூவை உருட்டினான். "அது வந்து... மாடலைப் பொறுத்து..."

"போனாப் போவுது விடுங்க. ஒயரக் குடுங்க."

அவன் ஒயரைக் கொடுத்தான். கூடவே கேட்காமலேயே ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து ஐபேடைச் சுற்றி, ஓரத்தை மடித்து, ரப்பர் பேண்ட் போட்டுத் தந்தான். 'திட்டின பொருளையே இவ்வளவு பதமாகச் சுற்றுகிறானே...' என்று நினைத்தாள் அவள். பெயரைக் கேட்கவில்லை. பழவேற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கேட்டிருக்கலாமோ என்று ஏழு ஸ்டாப்பிங் வரைக்கும் யோசித்தாள். எட்டாவது ஸ்டாப்பிங்கில் தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

ஐபேட் அணையக் கூடாது என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பழவேற்காடு ஏரியில் இறால் நன்றாக விழும் இடத்தில் எல்லோரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. இன்று உங்களுக்கு, நாளை எங்களுக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கலைவாணியின் ஊரான தோணிரேவுக்கும் மணல்மேட்டுக்குப்பத்துக்கும் பொதுவாக ஒரு பாடு உண்டு. இத்தனை காலமும் ஒரே ஆள் ஒரே நோட்டில் அதை எழுதி வைத்திருந்தார். அவர் மகனோடு கும்மிடிப்பூண்டிக்குக் குடிபோனதும், "இனிமே நான் டேப்லெட்ல போடறேன்" என்று தோணிரேவில் முன்னால் வந்தவள் கலைவாணி. குப்பத்துக்கு அவர்கள் ஆள் ஒருவர் தனியாகப் போட்டுக்கொள்வதாகப் பேச்சு.

"பொம்பளப் புள்ள கையில பாடா?" என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். அவளுடைய நைனா தெய்வசிகாமணிதான் ஊர்த் தலைவர். மகள் என்பதற்காகவே கூடுதலாக விறைப்பு காட்டினார். "ஒரு மாசம் பாப்போம் கண்ணு. ஒரு பாடு தப்புனாலும் லிஸ்ட்டு உன் கையில இருக்காது. அப்புறம் அழக்கூடாது."

அவள் அழுகிற ரகம் இல்லை. ஆனால் அந்த லிஸ்ட் அவளுக்கு உயிர். கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று சொன்னவர்கள் எல்லாம் நாளைக்கு யார் பாடு என்று அவளிடம் வந்து கேட்டார்கள் அல்லவா! குலுக்கல் போட்டு நைனா கொண்டுவந்த துண்டுச் சீட்டில், ஒன்று தோணிரேவு, இரண்டு குப்பம், மூன்று தோணிரேவு என்று முப்பது வரைக்கும் இருந்தது. அத்தனையையும் ஒன்றாம் தேதியிலிருந்து காலண்டரில் ஏற்றி, மாலை நாலு மணிக்கு அலாரமும் வைத்திருந்தாள்.

ஒன்றாம் தேதி அலாரம் அடித்தது. தோணிரேவுப் படகுகள் கிளம்பின. போனால்... அங்கே குப்பத்துப் படகுகள் வலைக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தன!

"இன்னிக்கு எங்க பாடுடா!"

"எங்க டேப்லெட்டு அடிச்சிச்சு, எங்க பாடு!"

"எங்களுதும்தான் அடிச்சிச்சு!"

கத்தல், கூச்சல், ஒருத்தர் வலையில் இன்னொருத்தர் துடுப்பு. கடைசியில் யாருமே வலை கட்டாமல் திரும்பினார்கள். மறுநாள் காலை மீன் ஏலக்கூடத்தில் இரண்டு ஊரும் எதிரெதிரே நின்றன. கலைவாணி ஐபேடோடு நைனா பக்கத்தில் நின்றாள்.

"எங்க ஆளு தப்பு பண்ணவே மாட்டான்" என்றார் குப்பத்துத் தலைவர் ராஜவேலு. "டேய் ஜெகா! கொண்டா அத்த!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கையில் ஒரு கறுப்பு டேப்லெட்டோடு வந்தான் ஜெகதீஸ்வரன். வாய்க்கு முன்பே சிரிக்கிற அதே கண்கள்... இப்போது சிரிக்கவில்லை. திருதிருவென்று விழித்தன.

"நீங்களா...?"

"நீங்களா...!"

ஒரு கணம் ஏலக்கூடத்தில் மழை பெய்தது போல அவளுக்குச் சிலிர்த்தது. ஒரே கணம்தான். அடுத்த கணம் நைனாவின் மீசை நினைவுக்கு வந்தது.

"உங்க ஆண்ட்ராய்டுல தேதி மாறிக் கெடக்கும். போய்ப் பாருங்க!"

"என்னுதா? உங்க ஐபேட் அமெரிக்கா டைம் காட்டுதோ இன்னாவோ!"

"அது தானாவே இந்தியா டைம் எடுத்துக்கும். அது கூடத் தெரியாமதான் கடை வச்சிருக்கீங்களா?"

"கடை என்னுது இல்ல மேடம், நான் அங்க வேலை பாக்கறேன்!"

யாராவது ஒருவர் மற்றவருடைய திரையை வாங்கிப் பார்த்திருந்தால் சமாசாரம் அங்கேயே முடிந்திருக்கும். பார்க்கவில்லையே! அவரவர் டேப்லெட்டை அவரவர் அணைத்துக்கொண்டு, ஊரே வேடிக்கை பார்க்க, ஐபேட் உசத்தியா ஆண்ட்ராய்டு உசத்தியா என்று மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் தலைவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பேசலாம். தப்பு யாருடையதோ, அவர் இரண்டு ஊர் முன்னாலும் ஒத்துக்கொண்டு லிஸ்டை மற்றவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அதுவரைக்கும் அவரவர் லிஸ்ட்படி போகலாம்.

அன்று சாயங்காலம் கலைவாணிக்கு வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. அவள் லிஸ்ட்படி அது குப்பத்தின் பாடு. வந்திருக்கிறார்களா என்று பார்க்க ஐபேடோடு கரைக்குப் போனாள். முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தாள். வலை கட்டும் இடத்தில் ஒரு படகு கூட இல்லை. ஒரு கம்பு கூட இல்லை. இறால் மட்டும் ஜாலியாகத் துள்ளிக்கொண்டிருந்தது.

தூரத்திலிருந்து ஒரே ஒரு சின்னப் படகு வந்தது. கோல் ஊன்றிக்கொண்டு வந்த ஜெகா அவளைப் பார்த்ததும் பேலன்ஸ் தவறி, தவறாதது போல நடித்து, எப்படியோ கரை சேர்ந்தான்.

"இன்னாங்க, இன்னிக்கு உங்க பாடு. உங்க ஆளுங்க ஏன் வரல?" என்றான்.

"எங்க பாடா? உங்க பாடுங்க! நீங்க ஏன் வரல?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நேற்று இரண்டு ஊரும் வந்தது. இன்று இரண்டு ஊரும் வரவில்லை...

"லிஸ்ட்ட அனுப்புங்க, பாக்கறேன்" என்றான்.

"ஏர்டிராப்புல அனுப்புனா உங்களுதுல வராது."

"என்னுது உங்களுதுக்குப் போவாது. இங்க சிக்னலும் இல்ல."

"அப்ப இன்னா பண்றது?"

"வாயில சொல்லுங்க" என்றான் அவன். "நான் பாக்கறேன்."

டேப்லெட்டைக் கைமாற்ற இப்போதும் இருவருக்கும் மனமில்லை. அவள் படகின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவன் மறு விளிம்பில். "ஒண்ணு... தோணிரேவு." "சரி." "ரெண்டு... குப்பம்." "சரி." பத்து வரும்போது அவள் குரல் இறங்கியிருந்தது. இருபது வரும்போது அவன் திரையைப் பார்ப்பதை விட்டு அவள் உதட்டைப் பார்த்து 'சரி' சொல்லிக்கொண்டிருந்தான். முப்பது முடிந்தது. முப்பதும் சரி!

"ரெண்டும் ஒண்ணுதாங்க! அப்புறம் எப்படி...?"

கலைவாணி நகத்தைக் கடித்தாள். சட்டென்று நிமிர்ந்தாள். "ஒண்ணாந்தேதி பாடுன்னா, நீங்க எப்ப வலை கட்டுவீங்க?"

"இது இன்னா கேள்வி? மொத நாள் சாயங்காலமே கட்டி, ஒண்ணாந்தேதி விடியக்காலம் தூக்குவோம். இறால் கைக்கு வர்ற நாள்தானே நாளு!"

"ஐயோ...! எங்களுக்கு வலை எறங்குற நாள்தாங்க நாளு! ஒண்ணாந்தேதி சாயங்காலம் கட்டி, ரெண்டாந்தேதி தூக்குவோம்!"

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "பழைய நோட்டுல தேதியே கெடையாது. முறை மட்டும்தான். இந்தக் காலண்டருங்கதான் தேதி போடு, தேதி போடுன்னு கேட்டுச்சு..."

"ராத்திரி பன்னெண்டுக்குத் தேதி மாறும். ஆனா பாடு மாறாதுன்னு அதுங்களுக்கு யாரு சொல்றது!"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. சிரிப்பு வந்ததும் நிற்கவில்லை. படகு ஆட ஆடச் சிரித்தார்கள். ஆனால் அவள் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது.

"இன்னாங்க?"

"ரெண்டு பேர் மேலயும் தப்புன்னா நைனா ஒத்துக்க மாட்டாரு. ஒரு பாடு தப்புனாலும் எடுத்துடுவேன்னாரு. பொம்பளப் புள்ளன்னு சொன்னவங்க எல்லாம் சிரிப்பாங்க..." அவள் கண்கள் நிறைந்துவிட்டன. அழுகிற ரகம் இல்லை என்று சொன்னேன் இல்லையா? அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கியதும், ஜெகா கோலை ஊன்றித் திரும்பிப் போனான். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

ஞாயிற்றுக்கிழமை ஏலக்கூடம் நிறைந்திருந்தது. வெளியே தூறல். தெய்வசிகாமணி தொண்டையைக் கனைப்பதற்குள் ஜெகா எழுந்தான்.

"தப்பு என்னுதுதாங்க. நான்தான் தேதிய ஒரு நாள் முன்னால போட்டுட்டேன். அவங்க லிஸ்ட்டு கரெக்டு. இனிமே ரெண்டு ஊருக்கும் அவங்களே வச்சிக்கட்டும்."

குப்பத்துப் பக்கம் ஒரே சலசலப்பு. ராஜவேலுவின் முகம் தொங்கிப்போனது. தோணிரேவுக்காரர்கள் விசில் அடித்தார்கள். கலைவாணி கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது... வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

முடியவில்லை. பொங்கிக்கொண்டு எழுந்தாள்.

"பொய் சொல்றாரு நைனா! அவரு போட்டது அவங்க ஊர் வழக்கப்படி சரி. எங்க வழக்கம் வேறன்னு நான்தான் கேட்டிருக்கணும். தப்பு என்னுது. லிஸ்ட்டு போனாலும் பரவால்ல."

"இல்லங்க, என்னுது!"

"சும்மா இருங்க. என்னுது!"

"முந்தாநாள் வரைக்கும் நான்தான் கரெக்டுன்னு கத்துனாங்க" என்றார் ராஜவேலு. "இப்ப நான்தான் தப்புன்னு கத்துறாங்களே! யோவ் தெய்வசிகாமணி, இது இன்னாய்யா கூத்து?"

ஏலக்கூடமே சிரித்தது. தெய்வசிகாமணி சிரிக்கவில்லை. மகளையே பார்த்தார். லிஸ்டைக் கேட்டு ஒரு வாரம் தன் பின்னாலேயே சுற்றிய பெண், அதை ஊர் முன்னால் வேண்டாம் என்று விடுகிறாளே... அந்த மீசைக்குள் என்னவோ இளகியது.

"இன்னா பண்ணா இந்தத் தப்பு வராது? அத்த சொல்லு" என்றார்.

"தேதி ஒண்ணு போடக் கூடாது நைனா, ரெண்டு போடணும். வலை கட்டுற சாயங்காலம் ஒண்ணு, தூக்குற காலை ஒண்ணு. ரெண்டு டேப்லெட்லயும் ஒரே காலண்டர் வைக்கலாம். நான் மாத்துனா அவருக்குத் தெரியும், அவரு மாத்துனா எனக்குத் தெரியும். அதுக்கு ஐபேடு, ஆண்ட்ராய்டுன்னு வித்தியாசம் கெடையாது."

"அப்ப ரெண்டு பேருமே வச்சிக்குங்க. சாயங்காலமானா இங்க வந்து சரி பாத்துக்குங்க." மீசையைத் தடவிக்கொண்டே சேர்த்துச் சொன்னார்: "எதிரெதிர்ல உக்காந்து."

கூட்டம் கலைந்தது. தூறல் வலுத்தது. கலைவாணி பழக்கதோஷத்தில் ஐபேடுக்குக் குடையைப் பிடிக்க, அவள் தலைக்கு மேல் இன்னொரு குடை வந்து நின்றது.

"அது நனைஞ்சா காய வைக்கலாம்" என்றான் ஜெகா. "நீ நனைஞ்சு ஜுரம் வந்தா நாளைக்கு சாயங்காலம் நான் யாரோட சரி பாக்கறது?"

'நீ' என்று சொல்லிவிட்டானே...! அவள் காது சூடானது.

"ஏன் அப்படிப் பொய் சொன்னீங்க?"

"அந்த லிஸ்ட்ட நீ படிக்கும்போது உன் மூஞ்சியப் பாத்தேன். அத்த உன் கையிலேருந்து புடுங்கறதுக்கு எனக்கு மனசு வரல." குடையை அவள் பக்கம் இன்னும் சாய்த்தான். "புடிச்சிருக்கு கலை... கடைக்குள்ள வந்து இடிச்சியே, அப்பவே."

அவள் ஐபேடைத் திறந்தாள். ஏலக்கூடத்திலேயே இருவருக்கும் பொதுவாகப் போட்ட புதுக் காலண்டரில் ஒரு வரி தட்டினாள். மாலை ஐந்து மணி, ஜெகாவும் கலையும். தினமும். அவன் கையிலிருந்த டேப்லெட் டிங் என்றது. பார்த்தான். கண்கள் முதலில் சிரித்தன.

"முடியற தேதி போடலியே?"

"உங்களுதுல முடியற தேதி 'கிடையாது'ன்னு ஒண்ணு கீதா?" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"கீது."

"எங்களுதுலயும் கீது" என்று சொல்லி, திரையில் அதையே தொட்டாள்.