பத்தொன்பது துளைகள்

"வீல்ல்ல்...!"

ரொட்டிக் கடைக்காரி போட்ட அலறலில் அந்தச் சந்தே திரும்பிப் பார்த்தது.

பக்கத்துக் கடையில் பழைய புத்தக வியாபாரி அல்விஸே ட்ரெவிசின், உள்ளே புகுந்திருந்த கடல் தண்ணீரில் குப்புறக் கிடந்தார். பின்னந்தலை பிளந்திருந்தது. அருகில் பித்தளை விளக்குத் தண்டு.

காணாமல் போனது ஒன்றே ஒன்று.

ஐந்நூறு வருஷத்துக்கு முன் இதே வெனிஸில் அச்சான காதல் கவிதைப் புத்தகம். உலகத்திலேயே இரண்டு பிரதிகள்தான்!

மாலைக்குள் அதன் அட்டை கிடைத்தது. சிவப்பு ஆட்டுத்தோல், பொன் இலைக் கொடி வேலைப்பாடு. கிடைத்த இடம், பைண்டர் தாரியோவின் பட்டறை. உள்ளே ஒரு பக்கம்கூட இல்லை!

தாரியோவைத் தூக்கி உள்ளே வைத்தார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து, காலையில்...

கமிஷனர் ஒத்தாவியாவின் அறைக்குள் ஒருத்தி மூச்சு வாங்க நுழைந்தாள். நனைந்த ரப்பர் பூட்ஸ். நிறைமாத வயிறு. தாரியோவின் மனைவி நிவெஸ்.

"மேடம், ஒரு வாரத்துல எனக்குப் பிரசவம். என் குழந்தை அப்பாவைக் கம்பிக்கு அந்தப் பக்கம்தான் பார்க்கணுமா?"

"உக்காரும்மா. அட்டை உன் புருஷன்கிட்ட இருந்துச்சே... நான் என்ன பண்ணட்டும்?"

"புத்தகத்தோட முதுகுத் தோல் கிழிஞ்சு போச்சுன்னு அட்டையை மட்டும் கழட்டி ரிப்பேருக்குக் கொடுத்தார் பெரியவர். பக்கமெல்லாம் அவர்கிட்டயேதான் இருந்துச்சு!"

"உன் புருஷன் அதையும் திருடிப் பக்கம் பக்கமா வித்திருப்பான்னு ப்ரொஃபசர் குவெரின் சொல்றாரே. எங்களுக்கு யோசனை சொல்ற நிபுணர் அவர்!"

நிவெஸ் செய்தித்தாளை மேஜைமேல் போட்டாள்.

"அந்த இன்னொரு பிரதி யார்கிட்ட இருக்கு? அதே ப்ரொஃபசர்கிட்ட! நாளைக்குக் கண்காட்சியில வைக்கிறாராம். நாப்பது வருஷமா யார் கண்ணுலயும் காட்டாத மனுஷன்... இப்ப மட்டும் ஏன் மேடம்?"

ஒத்தாவியாவின் காபி ஆறிக்கொண்டிருந்தது. இந்தக் கேள்வி தனக்குத் தோன்றாமல் போனதே என்று வெட்கமாக இருந்தது.

"சந்தேகம் போதாதும்மா. ஆதாரம்?"

"முன் அட்டையில பூச்சி துளைச்ச ஓட்டை பத்தொன்பது. அட்டைக்குள்ள பூந்த பூச்சி பக்கத்தையும் துளைச்சுக்கிட்டுதானே போகும்? எந்த அட்டைக்கு எந்தப் பக்கம்னு காட்டுற அத்தாட்சியே அதுதான். அதனாலதான் அதை எங்க ஆளுங்க அடைக்கவே மாட்டாங்க!"

ஒத்தாவியா எழுந்தாள். "வா, போலாம்!"

கால்வாய் ஓரத்து மூன்றாவது மாடி. கழுத்தில் பட்டுத் துணி சுற்றிய ப்ரொஃபசர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"பார்க்கத்தானே? தாராளமா! எங்க தாத்தா வாங்கினது. அதுக்கப்புறம் ஒரு ஊசி, ஒரு சொட்டுப் பசை பட்டதில்லை!"

வெள்ளைத் தோல் அட்டை போட்ட புத்தகம். ஒத்தாவியா அதைத் திறந்து, கையோடு கொண்டுவந்திருந்த சிவப்பு அட்டையை முதல் பக்கத்தின்மேல் வைத்தாள்.

அளவு கச்சிதம்!

ஆனால்... பக்கத்தில் ஒரு துளைகூட இல்லை!

நிவெஸின் முகம் செத்துப்போனது. நாளைக்கு மேலதிகாரிக்கு என்ன பதில் சொல்வது என்று ஒத்தாவியா யோசித்தாள்.

"பார்த்தீங்களா!" ப்ரொஃபசர் சிரித்தார். "பூச்சிக்குக்கூட எங்க குடும்பத்து மேல மரியாதை!"

"மேடம்..." நிவெஸ் புத்தகத்தின்மேல் குனிந்தாள். "அந்தப் பக்கத்தை ஜன்னல்கிட்ட தூக்கிப் பிடிங்க!"

ஒத்தாவியா பிடித்தாள். குளிர்கால வெயில் தாளை ஊடுருவியது.

கரும்புள்ளிகள்!

ஒன்று... இரண்டு... ஏழு... பத்தொன்பது! சிவப்பு அட்டையின் துளைகள் இருந்த அதே இடங்களில்!

"காகிதக் கூழ் வச்சு அடைச்சிருக்காங்க. மேலாகப் பார்த்தா தெரியாது. வெளிச்சத்துல பிடிச்சா காட்டிக் கொடுத்துடும்!" என்றாள் நிவெஸ்.

"ஒரு சொட்டுப் பசைகூடப் படலைன்னீங்களே, ப்ரொஃபசர்?"

அவர் நாற்காலியில் சரிந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என் பிரதியில... கடைசிப் பதினாலு பக்கம் கிடையாது. நாப்பது வருஷமா முழுசுன்னு ஊரை ஏமாத்திட்டேன். அல்விஸேக்கு அது தெரிஞ்சுபோச்சு. அவனோடதைக் கேட்டேன், தரமாட்டேன்னான். சிரிச்சான் மேடம்... எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்னு சிரிச்சான்! அடிச்சேன். அவன் பக்கத்தையெல்லாம் எடுத்து என் அட்டைக்குள்ள தைச்சேன்..."

விலங்கு க்ளிக் என்றது.

நிவெஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். திடீரென்று அழுகை நின்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம்... வலி!"

"ஒரு வாரம் இருக்குன்னியே!"

"குழந்தைக்கு அவசரம் போல... அவர் வரணும் மேடம்!"

ஆம்புலன்ஸ் படகுக்கும் சிறைக்கும் ஒரே மூச்சில் போன் போட்டுவிட்டு ஒத்தாவியா அவள் கையைப் பற்றினாள்.

"உன் புருஷனை வெளியே விட எனக்குப் பன்னிரண்டு நாள் ஆச்சு... உன் வயித்துக்குள்ளே இருக்கிற ஆளை ஒரு மணி நேரம் பொறுத்துக்கச் சொல்லும்மா!"