இரண்டாவது மேக்னம்

டிரிங்... டிரிங்!

மதிய வேளை. லாட்டன் காவல் நிலையத்தின் தொலைபேசி அலறியது. சார்ஜன்ட் டெல்மர் வறுத்த கெளுத்தி மீனை நிதானமாக மென்று விழுங்கிவிட்டு எடுத்தான்.

"சார்! டச் பீலரை யாரோ சுட்டுட்டாங்க! காருக்குள்ளயே பொணமா கிடக்கிறான்!"

"அப்படியா!" என்று அதிர்ந்தான் டெல்மர்.

நன்றாகவே நடித்தான். சுட்டவனே அவன்தான்!

எல்லாம் அந்த மேக்னம் ரிவால்வரால் வந்த வினை. கார் கதவையே துளைக்கும் துப்பாக்கி. டெக்சாஸ் முழுக்க அதே பேச்சு. போன மாதம் இலாகாவுக்கு ஒன்றே ஒன்று வந்தது. சீஃப் ஸ்டக்கி அதை யாருக்குக் கொடுத்தார்?

நேற்று முளைத்த புதுப் போலீஸ்காரன் கிளிஃபுக்கு!

போதாக்குறைக்கு டெல்மரின் மனைவி நோரீன் வேறு, "அந்தத் துப்பாக்கி கிளிஃபுக்கு எவ்வளவு எடுப்பா இருக்குங்க!" என்றாள். அன்றிலிருந்து டெல்மருக்கு வயிறு எரிந்தது. தூக்கம் போனது.

இன்று கிளிஃபுக்கு விடுமுறை. அவனுடைய லாக்கரைத் திறந்து மேக்னத்தை எடுத்தான். கிளிஃபோடு சண்டை போட்டிருந்த சூதாட்டக்காரனான டச்சைச் சுட்டான். காலித் தோட்டாக்களை எடுத்துவிட்டு, கிளிஃபின் பெட்டியிலிருந்தே புதியவற்றை நிரப்பித் திருப்பி வைத்தான்.

இனி கிளிஃப் தொலைந்தான்!

சம்பவ இடத்தில் டெல்மர் கார் கதவைத் தட்டிக் காட்டினான்.

"பாருங்க சீஃப்! நம்ம பழைய முப்பத்தெட்டு ரிவால்வர் குண்டுன்னா இந்தத் தகரத்துலயே நின்னுடும். இது மேக்னம் வேலை!"

செய்தி கேட்டு ஓடி வந்திருந்த கிளிஃப் பதறினான். "சார்ஜன்ட்... நான் ஆத்துல மீன் புடிச்சிட்டிருந்தேன்!"

"மீனு வந்து சாட்சி சொல்லுமாப்பா?"

நிலையத்துக்குத் திரும்பியதும் சீஃப் மேக்னத்தை எடுத்து முகர்ந்தார். வெடிமருந்து நாற்றம்! கிளிஃபின் பேட்ஜைக் கழற்றி வாங்கினார். டெல்மருக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

"டெல்மர், இங்க வா. இது உனக்கு."

மேசை மேல் ஒரு புதிய பெட்டி. உள்ளே... பளபளவென்று இன்னொரு மேக்னம்!

"சீஃப்!"

"பழசையும் தோட்டாவையும் ஒப்படைச்சிடு. பாக்கெட்ல உதிரியா இருக்கிறதையும் போடு."

டெல்மர் சட்டைப் பையை ஆசை ஆசையாகக் கவிழ்த்தான். கலகலவென்று தோட்டாக்கள் கொட்டின. சீஃப் ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தார். எல்லாம் ஒரே உயரம்.

இரண்டைத் தவிர!

இரண்டும் காலி. இரண்டும் மற்றவற்றைவிட நீளம். மேக்னத்தின் வெற்றுக் கூடுகள்!

டெல்மர் மேசையை விட்டுப் பின்வாங்கினான். "எப்படி... இது..."

"உன் கை செஞ்ச வேலைப்பா! பயிற்சியில காலிக் கூட்டைக் கீழ போட்டா நான் திட்டுவேன்ல? கிளிஃப் ஒரு நாளும் கேட்டதில்ல, உதறிட்டுப் போய்க்கிட்டே இருப்பான். தவறாம பாக்கெட்ல போடுறவன் நீ ஒருத்தன்தான். டச் காரைச் சுத்தியும் தேடினேன், லாக்கர்லயும் தேடினேன். ஒரு கூடும் இல்ல. அப்பவே உம்மேல சந்தேகம். கிளிஃப் பேட்ஜை வாங்கினது உன்னை நம்ப வைக்கத்தான்."

"அப்ப இந்தப் புதுத் துப்பாக்கி... என்னைப் பிடிக்கப் போட்ட தூண்டிலா?"

"இல்லடா முட்டாள்!" சீஃபின் குரல் உடைந்தது. "நெசமாவே உனக்குன்னுதான் போன மாசமே எழுதிப் போட்டேன். இன்னிக்குக் காலைலதான் வந்துச்சு. சாயங்காலம் கொடுக்கலாம்னு இருந்தேன்."

டெல்மர் நாற்காலியில் சரிந்தான்.

பேட்ஜைத் திரும்பக் குத்திக்கொண்ட கிளிஃப், பளபளக்கும் கைவிலங்கோடு அவனருகே வந்தான்.

"கையை நீட்டுங்க சார்ஜன்ட். இதுவும் இன்னிக்கு வந்த புது சரக்குதான்... இந்தத் தடவை முதல்ல உங்களுக்குத்தான்!"