சுண்ணாம்புக் குழியின் மேல் ஒரு வீடு

கமலம் வீட்டில் இருந்தது ஒரே ஒரு நாய்க்குட்டி. ஆனால் பால் நக்கும் சத்தம் இரண்டாகக் கேட்டது.

அவள் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே வீடு இருண்டு, பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து ஆவாரம்பட்டையின் துவர்ப்பும் ஊறும் தோலின் முடைநாற்றமும் ஈரக்காற்றோடு ஓட்டுச் சந்துகளில் இறங்கி அடுப்புப் புகையோடு கலந்து நின்றன. மண்சட்டியில் குட்டி நக்கியது. சளக், சளக். சட்டியின் மறுபக்கம், கொஞ்சம் நிதானமாக, இன்னொரு சளக்.

விளக்கை ஏற்றினாள். இரண்டாவது சத்தம் நின்றது. சட்டி காலி.

காலையில்தான் சைரா அந்தக் குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஷாப்பில் கமலத்தோடு பட்டை இடிப்பவள். கொடுத்தவள் வாசற்படியைத் தாண்டவில்லை.

"இந்த வூடு வாணாம் கமலம். முன்ன இங்க தோல ஊறப்போட்டு மயிரு கழட்டுற சுண்ணாம்புக் குழி இருந்துச்சு. அதுல ஒருத்தன் வுழுந்து செத்தான். மூடிட்டு மேல வூடு கட்னாங்க. குடிவந்தவங்க ஒருத்தரும் நெலைக்கல."

"புருசன் போனப்புறம் மச்சாண்டார் வூட்டு மாட்டுக் கொட்டாய்ல படுத்தவ நான். இது என் வூடுக்கா. எவன் கெளப்புறான்னு பாக்குறேன்."

பால் தீர்ந்ததும் குட்டி அழ ஆரம்பித்தது. கமலம் ஒரு கூடையில் பழைய புடவையை மடித்துப் போட்டு, அடுப்படியில் காய்ந்த செங்கல்லைத் துணியில் சுற்றி, தாயின் வயிற்றுச் சூடுபோல் இருக்கட்டுமென்று அடியில் வைத்தாள். குட்டியைக் கிடத்தித் தட்டிக்கொடுத்தாள். அது படுக்கவில்லை. கூடையிலிருந்து சரிந்து இறங்கி, என்ன மெழுகினாலும் காயாத அந்த நடுத்தரையில் போய் உட்கார்ந்தது. அண்ணாந்து பார்த்தது. வாலாட்டியது.

அதன் முதுகு மயிர் கழுத்திலிருந்து வால்வரை மெல்லப் படிந்தது. யாரோ தடவுவதுபோல்.

"ச்சூ... ச்சூ..."

தொண்டையில் தண்ணீர் நிறைந்தவன் குரல்.

மறுபடி தடவல். இந்தமுறை மயிரில் நான்கு வெள்ளைக் கோடுகள். சுண்ணாம்பு. கோடு பட்ட இடத்தில் மயிர் கொத்தாய் நழுவித் தரையில் விழுந்தது. அடியில் இளஞ்சிவப்புத் தோல். குட்டி கத்தவில்லை. கண் சொருக வாலாட்டியது.

கமலம் ஓரடி முன்னால் வைத்தாள். குரல் நடுங்கவில்லை.

"கைய எடு. அது என் குட்டி."

எடுக்கவில்லை.

பாய்ந்து குட்டியைப் பிடித்தாள். இழுத்தாள். மறுபக்கமும் இழுத்தது. ஈரப்பிடி. கதவு திறந்துதான் கிடந்தது. குட்டியை விட்டால் ஓடிவிடலாம்.

அவள் விடவில்லை. ஈரத்தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, குட்டியை மடிக்குள் அழுத்திக்கொண்டாள்.

"போமாட்டேன். இன்னா பண்ணுவே?"

மழைச் சத்தம். குட்டியின் மூச்சு. பிடி தளர்ந்தது.

குட்டி மடியிலேயே தூங்கிப்போனது.

அப்புறம் அவள் உச்சந்தலையில் ஏதோ பட்டது. குளிர்ந்தது. எரிந்தது. நெற்றியிலிருந்து பிடரிவரை, மிக மெதுவாக, ஆசையோடு.

"ச்சூ... ச்சூ..."

அவள் கூந்தலில் ஒரு கற்றை, வேரோடு வழுக்கி, தூங்கும் குட்டியின்மேல் விழுந்தது.

கமலம் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.