இரைச்சல் இல்லாத படம்

சனிக்கிழமை, மாலை நாலு மணி. பென்ட்டி நிலவறையில் இருந்த தன் சாமான் அறையைத் திறந்தார். பனிச்சறுக்குக் கட்டைகள் இருந்தன, பழைய பூட்ஸ் இருந்தது. புதுப் பெட்டி மட்டும் இல்லை.

உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர். விசிறிகூடக் கிடையாது. அதை வீட்டுக்குள் வைக்காமல் நிலவறையில் வைத்ததற்குக் காரணம் அவர் மனைவி. "இன்னொரு கம்ப்யூட்டர் இந்த வாசல தாண்டி உள்ள வந்தா, நான் தாண்டி வெளிய போயிடுவேன்" என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தாள்.

பூட்டு உடையவில்லை. பின்லாந்தின் தம்பேரே நகரத்து அந்த அடுக்குமாடியில் எல்லாச் சாமான் அறைகளையும் திறக்கும் பொதுச் சாவி இரண்டுதான். ஒன்று துப்புரவுப் பணியாளர் மிர்வாவிடம். இன்னொன்று குடியிருப்போர் குழுவின் தலைவர் ஓஸ்மோவிடம்.

ஓஸ்மோ ஓய்வுபெற்ற பொறியாளர். கீழ்த்தளப் பொது அறையில் எல்லோரும் படம் பார்க்கும் மெஷினைச் செய்தவர் அவர்தான். யாரோ குப்பையில் போட்ட ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, டிவியோடு இணைத்தார். அதன் மூடியை வேறு யாரும் தொடக்கூடாது. "லினக்ஸுக்கு எந்தப் பழைய இரும்பும் போதும். டிஸ்க்க கழட்டி வேற மெஷின்ல மாட்டிப் பாருங்க, ஒரு முணுமுணுப்பு இல்லாம எழுந்து நிக்கும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். பென்ட்டி மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். புதுவகைப் படங்களை விரித்துக் காட்ட அதற்கென்று கிராபிக்ஸ் சிப் வேண்டும், இல்லாவிட்டால் பிராசசர் மூச்சு முட்டிச் சாகும் என்பது அவர் கட்சி. ஞாயிறு கூட்டத்தில் பழைய மெஷினா, புதுப் பெட்டியா என்று கைதூக்கி முடிவெடுப்பதாக ஏற்பாடு. மற்ற ஊர்களில் நிலத்துக்காக அடித்துக்கொள்கிறார்கள். இங்கே இதற்கு.

பெட்டி காணோம் என்றதும் ஓஸ்மோ மாடிப்படியில் நின்று மெதுவாகச் சொன்னார்:

"நான் யாரையும் சொல்லல. சாவி ரெண்டுதான்."

சனி மதியம் நிலவறையைத் துடைத்தவள் மிர்வா. கேட்டவர்கள் தாங்களே கணக்குப் போட்டுக்கொண்டார்கள். ஞாயிறு கூட்டத்தில் பேச வேண்டியவற்றோடு மிர்வாவின் வேலை ஒப்பந்தமும் சேர்ந்துகொண்டது.

ஆறு மணி. இரண்டாம் மாடியில் குடியிருக்கும் காரினாவின் கதவைத் தட்டினாள் மிர்வா. காரினாவுக்குப் போலீஸில் துப்பறியும் வேலை. அன்று அவளுக்கு விடுமுறை.

"நான் எடுக்கல, காரினா."

"எடுத்தியான்னு நான் கேக்கல. நிலவறைல எத்தன மணி வரைக்கும் இருந்த?"

"ஒரு மணி வரைக்கும். அப்புறம் மேல படி துடைக்கப் போயிட்டேன். அந்தப் பெட்டிய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? எங்கிட்ட டிவியே இல்ல."

"நாளைக்குக் கூட்டத்துக்கு வருவியா?"

"வராம? வேலை போச்சுன்னா கீழ இருக்கற வீடும் போயிடும். வேலையோட குடுத்த வீடு. வெளிய மைனஸ் எட்டு டிகிரி."  மிர்வாவுக்கு அழவும் பயமாக இருந்தது.

காரினா அடுத்துப் போனது சிர்க்காவிடம். பொது அறையை ஒட்டின வீடு அவளுடையது. கையில் பாதி பின்னிய காலுறை.

"ஓஸ்மோவா? மதியம் பூரா இங்கதான் இருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். மொதல்ல அந்த மெஷின் கத்துச்சு பாரு, வாக்குவம் கிளீனர் தோத்துது போ! அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. காபி குடிச்சிருப்பார்."

"கதவு திறந்துதா?"

"ஒரு தடவையோ ரெண்டு தடவையோ. வயசானவர், பாத்ரூம் போக மாட்டாரா? அப்புறம் படம் ஓடுச்சு. மான் கூட்டத்தப் பத்தி. ஒரு வார்த்தை விடாம கேட்டேன்மா. டிக்கெட் வாங்காம முழுப் படம்!"

கதவைத் திறந்த ஓஸ்மோ அவளை உள்ளே கூப்பிடவில்லை.

"படம் பாத்துட்டிருந்தேன். பென்ட்டி காலைல டிஸ்க்ல போட்டு வச்ச புதுப் படம். என் மெஷின் திணறும்னு சவால் விட்டான். எங்கயும் நிக்கல. நாளைக்கு எல்லார் முன்னாடியும் போட்டுக் காட்டுறேன், நீயே பாரு."

"கண்டிப்பா போட்டுக் காட்டுங்க" என்றாள் காரினா.

கடைசியாக பென்ட்டி.

"அவர் மெஷினாலயா? வாய்ப்பே இல்ல. விசிறி அலறும், படம் போட்டோ மாதிரி அப்படியே நிக்கும். அதுக்குன்னே தேடிப் பிடிச்ச படம் அது."

"ஓஸ்மோ பொய் சொல்றாரா?"

"அவர் மெஷின் விஷயத்துல எப்பவும் அப்படித்தான். விடு."

ஞாயிறு, பதினொரு மணி. பொது அறையில் காபியும் ஏலக்காய் பன்னும் பரிமாறினார்கள். மிர்வா கதவோரம் நின்றாள். பன் எடுக்கவில்லை.

ஓஸ்மோ ரிமோட்டை அழுத்தினார். திரையில் பனி பெய்தது. மான் கூட்டம் ஆற்றைக் கடந்தது. ஒரு துளி பனிகூட நின்று விழவில்லை. பென்ட்டியின் முகம் தொங்கிப்போனது.

"பாத்தீங்களா? பழைய இரும்பு!" என்றார் ஓஸ்மோ. "சரி, அடுத்தது மிர்வாவோட ஒப்பந்தம்."

"ஒரு நிமிஷம்" என்றாள் காரினா. "படம் ஓடட்டும். சத்தத்த மட்டும் நிறுத்துங்க."

ஓஸ்மோ தயங்கி நிறுத்தினார். வெந்நீர்க் குழாயில் தண்ணீர் ஓடுவது கேட்டது.

"என்ன கேக்குது, சிர்க்கா?"

"ஒண்ணும் கேக்கலையேம்மா..." சிர்க்காவின் பின்னல் ஊசி நின்றது. "ஐயோ! அந்தக் கத்தல் எங்க?"

"அதான் கேள்வி. நேத்து மொதல்ல மெஷின் கத்துச்சு. அப்ப படம் நின்னு நின்னு வந்திருக்கும். அப்புறம் அமைதி, கதவு திறந்துச்சு. அதுக்கப்புறம் நீங்க ஒரு வார்த்தை விடாம கேட்டீங்க. இத்தன வருஷத்துல அந்த இரைச்சலத் தாண்டி என்னிக்காவது வசனம் கேட்டிருக்கா? அவர் உள்ளதான் இருந்தார்னு நீங்க சாட்சி சொன்னதா எல்லாரும் நினைச்சாங்க. நீங்க சொன்னது வேற. நடுவுல மெஷின் மாறிடுச்சுன்னு சொன்னீங்க."

 காரினா பென்ட்டியின் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் படத்த இந்தப் பழைய இரும்பால ஓட்ட முடியாதுன்னு நீங்க சொன்னீங்க. இப்ப அட்டகாசமா ஓடுது. நிலவறைலேர்ந்து பெட்டிய கொண்டு வந்து அதுல டிஸ்க்க மாட்டினா போதும், லினக்ஸ் முணுமுணுக்காம எழுந்துடும். ஓஸ்மோ, மூடியக் கழட்டுங்க."

"அத யாரும் திறக்கக் கூடாது. நான் மட்டும்தான்..."

"தெரியும். அதனாலதான் அதுக்குள்ள இருக்கு."

மிர்வா ஏப்ரன் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தாள். பெரிய மூடி கழன்றது. தூசி படிந்த பழைய விசிறி ஓடாமல் கிடந்தது. அதன் கீழே, பச்சை விளக்கு எரிய, பென்ட்டியின் சின்னப் பெட்டி உட்கார்ந்திருந்தது.

ஓஸ்மோ நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "நேத்து பனி பெய்யற இடத்துல படம் அப்படியே நின்னுடுச்சு. எல்லாரும் சிரிப்பாங்க. இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்... நாளைக்குத் திருப்பி வச்சிருப்பேன்."

"பெட்டிய வச்சிருப்பீங்க" என்றாள் காரினா. "சாவி ரெண்டுதான்னு படில நின்னு சொன்னத எங்க வப்பீங்க?"

ஓஸ்மோ அன்று முதல் தடவையாக மிர்வாவைப் பார்த்தார். பையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். 

மிர்வா வந்து அதை எடுத்தாள். தன் வளையத்தில் கோத்து இடுப்பில் மாட்டிக்கொண்டாள்.

"இனிமே ரெண்டு சாவியும் எங்கிட்டதான்" என்றாள். "ஏதாவது காணாமப் போனா படில நின்னு பேசாதீங்க. நேரா வந்து எங்கிட்ட கேளுங்க."

பிறகு தட்டிலிருந்து ஒரு பன்னை எடுத்துக்கொண்டு, முன்வரிசையில் உட்கார்ந்தாள்.