மினுக்கு

நேற்று மகளின் படத்தில் தலைமுடிமேல் தூவிவிட்ட மினுக்குகள் இன்று நெற்றிக்கு இறங்கியிருந்தன.

கை தவறியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். ஒரு போட்டோ ஸ்டுடியோவில் படங்களுக்கு மெருகேற்றுவது அவள் வேலை. மணப்பெண்ணோ கைக்குழந்தையோ, முடியிலும் கன்னத்திலும் உதட்டிலும் பொடிப்பொடியாக ஒளிப்புள்ளிகளைத் தூவாமல் எந்தப் படமும் அவள் கையைவிட்டுப் போகாது. மினுக்கு இல்லாவிட்டால் படம் உப்புச்சப்பில்லாமல் இருக்கிறது என்பார் முதலாளி. மகளுக்குப் பிறந்தநாள் வருகிறதே என்று, ஊரார் படங்களுக்கு நடுவில், சொந்தப் பெண்ணின் படத்துக்கும் கொஞ்சம் தாராளமாகவே தூவியிருந்தாள்.

ஜன்னல் இல்லாத அந்த அறையில் பகலிலும் திரை வெளிச்சம்தான். கணினியின் விசிறி எப்போதும்போல முனகிக்கொண்டிருக்க, அது தள்ளிய சூட்டுக் காற்றில் இன்று ஒரு வாடை, மூடிவைத்து மறந்துபோன பாத்திரத்தைத் திறந்தால் குப்பென்று வருமே அப்படி, தித்திப்பும் அழுகலும் கலந்து வந்து தொண்டையின் அடியில் ஒட்டிக்கொண்டது. எலி ஏதாவது செத்துக் கிடக்கும் என்று மேசைக்கு அடியில் குனிந்து தேடினாள். ஒன்றும் இல்லை.

நிமிர்ந்தபோது மினுக்குகள் புருவத்தில் இருந்தன.

படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். எட்டத்தில் நட்சத்திரம்போலத் தெரிந்தவை கிட்டத்தில் நட்சத்திரமாக இல்லை. நீளவாக்கில், வெளேரென்று, ஈரம் பூசிய மணிகள். ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக்கொத்தாக.

கடைக்குக் கடை ஒரே மினுக்காக இருக்கிறதே என்று, திரையில் மினுக்குத் தூவும் பிரஷ்ஷை அவளே செய்திருந்தாள். போன மாதம் முதலாளி ஒரு படத்தைக் கொடுத்து, கண்ணை மட்டும் சரிசெய்யச் சொன்னார். கண்ணின் ஓரத்தில் இருந்த பளபளப்பு அவளுக்குப் பிடித்துப்போக, வெட்டியெடுத்துச் சேமித்துக்கொண்டாள். அதன்பின் திரையில் தொட்ட இடத்திலெல்லாம் அந்தப் பளபளப்புத்தான் விழுந்தது. முகத்தை அவள் பார்க்கவே இல்லை. திரை நிறைய ஒரு கண்ணை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பவளுக்கு, அது யாருடைய கண் என்பது எதற்கு?

"அண்ணா!" முன்னறையை நோக்கிக் குரல் கொடுத்தாள். "போன மாசம் கண்ண மட்டும் சரி பண்ணச் சொன்னீங்களே, அது யாரு?"

"அதுவா?" முதலாளி ஆல்பத்துக்கு அட்டை ஒட்டிக்கொண்டே பதில் சொன்னார். "தனியா இருந்த பெரியவர்மா. பூட்டுன வீட்டுக்குள்ளயே செத்துப்போயிட்டாரு. நாத்தம் வந்தப்புறம்தான் கதவ உடைச்சாங்க. வேற போட்டோவே இல்லன்னு, அப்படியே படம் எடுக்க என்னைக் கூட்டிட்டுப் போனாங்க. சொன்னா நீ சாப்பிட மாட்டன்னு சொல்லல."

"கண்ணு ஓரத்துல வெள்ளையா, பளபளன்னு..."

"ஈ முட்டைம்மா. அறை பூரா ஈ. அதான் நீ சுத்தமாத் தொடச்சுக் குடுத்துட்டியே!"

அங்கே துடைத்தாள். துடைத்ததை எடுத்து மணப்பெண்களின் கன்னத்தில் வைத்தாள். பால்குடிக்கும் குழந்தையின் உதட்டில் வைத்தாள். மவுஸைத் தொட்ட விரல்களைப் புடவையில் தேய்த்தாள். எவ்வளவு தேய்த்தும் பிசுபிசுப்பு போகவில்லை.

"நீ மினுக்கு போட்டுக் குடுத்தியே, அந்தக் கல்யாணப் பொண்ணு ஆல்பத்தக்கூட இன்னும் வாங்கிட்டுப் போகல," முதலாளி தொடர்ந்தார். "கண்ணு ரெண்டும் வீங்கி ஆஸ்பத்திரியில கிடக்குதாம், பாவம்."

திரையைப் பார்த்தாள். புருவத்தில் இல்லை. இமையில் இருந்தன.

அழித்துவிட வேண்டும். உடனே. மினுக்குகளுக்கென்று படத்தின்மேல் கண்ணாடித் தாள்போலத் தனியாக ஒரு லேயர் போட்டிருந்தாள். அதைத் தூக்கினால் எல்லாம் போய்விடும். மவுஸின் அம்பு திரையில் எங்கெங்கோ ஓடியது. பிடித்து லேயரின்மேல் நிறுத்தினாள்.

படம் சுத்தமாக இருந்தது.

மகளின் முகம். வெறும் முகம். ஒரு புள்ளி இல்லை. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள், சிரிப்புக்கூட வந்தது. பிறகுதான் கவனித்தாள். அவள் இன்னும் எதையும் அழுத்தவில்லை. லேயர் அங்கேயே இருந்தது. காலியாக.

"அம்மா."

பள்ளிக்கூடம் விட்டு வந்து முன்னறை சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த மகள், அறை வாசலில் நின்றாள். வாடை அவளோடு சேர்ந்து உள்ளே வந்தது.

"கண்ணு உறுத்துதும்மா."

"கசக்காத. கைய எடு. அம்மாவப் பாரு."

மகள் சொன்னபடி கையை எடுத்தாள். படம் எடுக்கும்போது சொல்லிக்கொடுத்திருந்தபடியே தலையை லேசாகச் சாய்த்து, மோவாயை உயர்த்தி, சிரித்தாள். கண்ணைத் திறந்தாள்.

திரை வெளிச்சம் அதில் பட்டது. இமை மயிரின் வேர்களில். வெளேரென்று. ஈரமாக. கொத்துக்கொத்தாக.

"அழகா மினுக்குதாம்மா?"

கொத்தில் ஒன்று வெடித்தது. உள்ளிருந்து ஒரு புழு நெளிந்து வந்தது, கருவிழியை நோக்கி ஊர்ந்தது.