மூடியைத் திறக்காதீங்க அத்தை!

மூடி போட்ட எதுவும் ஞானசெல்வி அத்தையின் கண்ணில் படக்கூடாது. பட்டால் திறந்து பார்த்துவிடுவார்.

குழம்புச் சட்டி, மாவுத் தூக்கு, ஊறுகாய் ஜாடி எதுவும் தப்பாது. ஒருமுறை ஆவூர்த் திருவிழாவில், பந்தி தொடங்கும் முன்பே சோற்று அண்டாவைத் திறந்து பார்த்து, "இன்னும் ஒரு கொதி வேணும்" என்று சமையல்காரரிடமே சொன்னவர் அவர்.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை, வாசலில் அத்தையின் செருப்புச் சத்தம் கேட்டதும் ஃபெமினா பதறிப் பின்னறையை எட்டிப் பார்த்தாள்.

பின்னறை மேசைமேல் அக்காவின் கண்ணாடி உருக்கும் அடுப்பு இருந்தது. இட்லிப் பானையைவிடக் கொஞ்சம் பெரிய மின்சார அடுப்பு. மேலே கனத்த மூடி. உள்ளே எவ்வளவு சூடு என்று முன்பக்கத்தில் சிவப்பு எண்கள் காட்டும்.

அக்கா ஜெனிபர் கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறை நாட்களில் கண்ணாடிச் சில்லுகளை அடுக்கி, அந்த அடுப்பில் உருக்கி, கம்மல், டாலர், குட்டிக் கிண்ணம் என்று ஏதாவது செய்துகொண்டிருப்பாள். அன்று காலை கீரனூருக்குக் கிளம்பும்போது ஃபெமினாவிடம் சொன்னாள்:

"சூடேத்துற சுவிட்சை ஆஃப் பண்ணிட்டேன், நம்பர் மட்டும் எரியும். இனிமே அது தானா ஆறணும். நம்பர் அம்பதுக்குக் கீழ வர்ற வரைக்கும் யாரும் மூடியைத் திறக்கக்கூடாது. வெளிக்காத்து பட்டா கண்ணாடி விரிசல் விட்டுடும்."

"யாரு வந்தாலுமா?"

"யாரு வந்தாலும்."

"அத்தை வந்தா?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "மாதாவை வேண்டிக்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அடுப்புக்குள் இருந்ததே அத்தையின் கிண்ணம்தான். அது அத்தைக்குத் தெரியாது.

அத்தை வீட்டு அலமாரியில் ஒரு பச்சைக் கண்ணாடிக் கிண்ணம் இருந்தது. திருவிழா விளையாட்டுப் போட்டியில், வாயில் கரண்டியைக் கவ்விக்கொண்டு, எலுமிச்சம்பழம் விழாமல் ஓடி அத்தை வாங்கிய முதல் பரிசு. வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் அந்தக் கதைதான் வரும்.

அந்தக் கிண்ணத்தின் வழியாகப் பார்த்தால் முருங்கை மரம், ஆடு, டேவிட் மாமாவின் மொட்டைத் தலை எல்லாமே பச்சையாகத் தெரியும். எட்டு நாளுக்கு முன் அத்தை வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், ஆட்டைப் பச்சையாகப் பார்க்க ஆசைப்பட்டு ஃபெமினா அதை எடுத்தாள். ஆடு கத்தியது. கை நழுவியது. கிண்ணம் சில்லு சில்லாகப் போனது.

அழுதுகொண்டே அத்தனை சில்லுகளையும் பொறுக்கி அக்காவிடம் கொண்டு வந்தாள்.

"அக்கா, இது ஒட்டுமா? அன்னைக்கு நீ வளையல் துண்டை பாட்டில் கண்ணாடியில ஒட்டினியே, அது வெடிச்சுப் போச்சே!"

"அது வேற வேற கண்ணாடி. ஒண்ணோட ஒண்ணு சேராது. இது எல்லாம் ஒரே கிண்ணத்துத் துண்டுதானே? சண்டை போடாது" என்றாள் அக்கா.

முதலில் சில்லுகளை உருக்கி ஒரு தட்டையான வட்டமாக்கினாள். பிறகு அந்த வட்டத்தை ஒரு மண்சட்டியின் மேல் வைத்து மறுபடியும் சூடாக்கினாள். கண்ணாடி இளகி, சட்டிக்குள் அமர்ந்து, கிண்ணமாகிவிடும். இனி ஆற வேண்டியதுதான் பாக்கி.

செருப்புச் சத்தம் உள்ளே வந்தது.

"ஏ ஃபெமினா! உங்க ஆத்தா எங்க?"

"அம்மாவும் அப்பாவும் கடலை காயப்போடப் போயிருக்காங்க அத்தை. நீங்க சாயங்காலமா வாங்களேன்."

"வந்தவளை விரட்டுறியாக்கும்? அங்கிட்டு என்ன சூடா இருக்கு?"

அத்தை நேராகப் பின்னறைக்குப் போனார். சிவப்பு எண் 286 காட்டியது.

"இதுக்குள்ள என்ன? கேக்கா?"

"இல்லத்தை. அது... கரண்டு அத்தை, ஷாக் அடிக்கும்!"

"சுவிட்சு ஆஃப்லதானே இருக்கு? எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?" அத்தை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டார். "அடிப்பிடிச்சிருக்கும். ஒரு தடவை பாத்துட்டு மூடிடுறேன்."

"வேணாம் அத்தை!"

"தள்ளு புள்ள."

அத்தையின் கை மூடியை நோக்கிப் போனது. ஃபெமினா குறுக்கே பாய்ந்து நின்றாள். இனிமேல் சொல்ல ஒரு பொய்யும் மிச்சமில்லை.

"உள்ள இருக்கிறது உங்க பச்சைக் கிண்ணம் அத்தை! நான்தான் உடைச்சேன்! இப்பத் திறந்தீங்கன்னா மறுபடியும் உடைஞ்சிரும்!"

அத்தையின் கை அப்படியே நின்றது.

வெளியே காக்கை கத்தியது. 286 என்பது 285 ஆனது.

"எலுமிச்சம்பழக் கிண்ணமா?"

"ஆமாத்தை."

"நீ உடைச்சியா?"

"ஆமாத்தை. ஒரு சில்லு விடலை. கட்டிலுக்கு அடியில போனதைக்கூட எடுத்துட்டேன். அக்காதான் உருக்கி ஒட்டுது."

அத்தை பிளாஸ்டிக் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். திட்டு விழப்போகிறது என்று ஃபெமினா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அப்ப உங்க மாமா எடுக்கலையா?"

"மாமாவா?"

"அந்த மனுஷன்தான் எங்கேயோ போட்டு உடைச்சுட்டு மறைக்கிறாருன்னு நினைச்சேன். எட்டு நாளா வெறும் ரசம்தான் ஊத்துறேன். மீன் கண்ணுலயே காட்டலை."

ஃபெமினா கண்ணைத் திறந்தாள். "ஐயோ பாவம் மாமா!"

"ஐயோ பாவந்தான். ஏன்டி, அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா ரெண்டு திட்டு திட்டியிருப்பேன். அதோட போயிருக்கும்."

"அந்த ரெண்டு திட்டுக்குத்தான் பயந்தேன் அத்தை."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் ஃபெமினாவுக்கு அழுகை வந்துவிட்டது. எட்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மிக்கல் ஒன்று எழுந்து போனதுபோல இருந்தது.

"சரி சரி, மூக்கைச் சிந்து. இதை எப்பத் திறக்கணும்?"

"அம்பதுக்குக் கீழ வரணும்."

"இப்ப எவ்வளவு?"

"இருநூத்தி எம்பத்திமூணு."

"யேசுவே!" என்றார் அத்தை. ஆனால் நாற்காலியை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கை துறுதுறுத்தபோதெல்லாம் அந்தக் கைமேலேயே உட்கார்ந்துகொண்டார்.

எண் நூற்றுத் தொண்ணூறைத் தொட்டபோது, அத்தையைத் தேடிக்கொண்டு டேவிட் மாமா வந்தார்.

"இதென்ன பொட்டி?" என்று கையை நீட்டினார்.

"தொட்டீங்கன்னா பாருங்க! பச்சைப் புள்ள தூங்குற மாதிரி தூங்குது. தள்ளி நில்லுங்க!" என்று அத்தை அதட்டினார்.

மாமா மிரண்டுபோய் ஃபெமினாவைப் பார்த்தார். ஆட்டைப் பச்சையாகப் பார்க்க ஆசைப்பட்டதிலிருந்து நடந்ததை எல்லாம் ஃபெமினா அவரிடமும் சொன்னாள்.

"அப்ப நான் நிரபராதி!" என்று மாமா மேலே பார்த்துக் கும்பிட்டார். "எட்டு நாள் ரசம், ஆண்டவரே!"

அக்கா திரும்பி வந்தபோது எண் 48. நாற்காலியில் அத்தையைக் கண்டதும் அவளுக்கு முகம் வெளிறியது.

"அக்கா, திறக்கலை! அத்தைதான் காவல்!" என்று ஃபெமினா கத்தினாள்.

"இப்பத் திறக்கவா?" என்று கேட்டார் அத்தை. மூடியைத் திறக்க அவர் அனுமதி கேட்டது அதுதான் முதல்முறை.

"திறங்க அத்தை" என்றாள் ஃபெமினா.

மூடி மெல்ல எழுந்தது. நான்கு தலைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தன.

பச்சைக் கிண்ணம் சட்டிக்குள் பத்திரமாக இருந்தது. விரிசல் இல்லை. சில்லுகள் சேர்ந்த இடமெல்லாம் வாழையிலை நரம்புபோலக் கோடுகள். ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. அக்கா நீண்ட மூச்சு விட்டாள்.

அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முன்ன நல்ல வட்டமா இருந்துச்சு. இப்ப ஒரு பக்கம் சாஞ்சிருக்கு."

ஃபெமினா அக்காவின் பின்னால் ஒதுங்கினாள்.

"அன்னைக்கு வாயில கரண்டியோட நான் ஓடினதும் இப்படி ஒரு பக்கம் சாஞ்சுக்கிட்டுத்தான்" என்றார் அத்தை. "இதுதான் சரியா இருக்கு."

பிறகு கிண்ணத்தைத் தூக்கி ஃபெமினாவின் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். "பாரு. ஆசைப்பட்டியே."

ஆடு அங்கே இல்லை. மாமாவின் மொட்டைத் தலை இருந்தது. பச்சையாக, நடுவில் ஒரு நரம்புக் கோட்டுடன், பெரிய தர்பூசணிபோல.

அன்று மாலை அத்தை வீட்டு அடுப்பில் மீன் குழம்பு கொதித்தது. டேவிட் மாமா சட்டியின் மூடியை மூன்று முறை திறந்து பார்த்தார். அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை.