கடைசி ஆள் வரும்வரை

தலைமை ஏற்ற முதல் நாளில், யூடர்ன் முதல் வேலையாகச் செய்தது தன் கூட்டத்தின் பைக்குகளை எல்லாம் வரிசையாகத் தரையில் சாய்த்ததுதான்.

வேண்டுமென்று செய்யவில்லை. பெட்ரோல் பங்குக்குப் பின்னால், மழையில் ஊறிக் கிடந்த மண்ணில் சைடு ஸ்டாண்டைப் போட்டான். ஈர மண்ணில் ஸ்டாண்டுக்கு அடியில் தட்டைக் கல் ஒன்று வைக்க வேண்டும் என்று முந்தின நாள் குரூப்பில் நீளமாக அறிவுரை எழுதியவனும் அவன்தான். எழுதிய கைக்கு, வைக்கத் தோன்றவில்லை. ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தொண்டையைச் செருமி, "எல்லாரும் கொஞ்சம் கவனிங்க" என்று அவன் ஆரம்பித்த நேரத்தில், அவன் பைக், சாப்பிட்டு முடித்த பெரிய மனிதர் சாய்வு நாற்காலியில் சாய்வதைப் போல நிதானமாகப் பக்கத்து பைக்கின் மேல் சாய்ந்தது. அது அடுத்ததன் மேல் சாய்ந்தது. கடைசியில் நின்றது பேக்கரிக்காரருடைய பைக். எல்லா பாரத்தையும் அதுதான் வாங்கிக்கொண்டது.

"கவனிச்சோம்," என்றார் வக்கீல்.

யூடர்ன் என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. காட்டுப் பாதையில் எப்போது சேர்ந்து போனாலும், அவன் தவறான வழியில் முந்திப் போய், கொஞ்ச நேரம் கழித்து எதிர்ப்பக்கத்திலிருந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவான். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். பிழைப்புக்கு மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தான். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைச் சரிசெய்து கொடுத்தவனுக்கு வழி மட்டும் கண்ணில் படாது. வழக்கமாக முன்னால் போகிறவர் மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்து யார் என்ற கேள்வி எழுந்தபோது எல்லாரும் ஷூ லேஸ் கட்டக் குனிந்துகொள்ள, நிமிர்ந்து நின்றவன் இவன் ஒருவன்தான்.

இந்த முறை இன்னொரு பொறுப்பும் கூட வந்திருந்தது. மனைவியின் தம்பி. முதல் முறையாகக் காட்டுப் பாதைக்கு வருகிறான். வாய் ஓயாதவன், தூக்கத்திலும் பேசுவான். யூடர்ன் வீட்டில் சொல்லும் ஜோக்குகளுக்குச் சிரிக்கிற ஒரே ஜீவன் அவன்தான் என்பதால், மச்சான் மேல் அவனுக்குத் தனிப் பிரியம். கிளம்பும்போது மனைவி வாசலில் நின்று சொன்னாள்: "என் தம்பிய முழுசாக் கூட்டிட்டுப் போறீங்க, முழுசாத் திருப்பிக் கூட்டிட்டு வரணும். பைக்கு என்ன ஆனாலும் எனக்குக் கவலையில்ல."

"என்னைப் பத்தி?"

"நீங்க எப்படியும் திரும்பித்தானே வருவீங்க," என்றாள்.

பைக்குகளைத் தூக்கி நிறுத்தி, பேக்கரிக்காரரின் வளைந்த செயின் கவரைத் தட்டி நிமிர்த்தி முடிப்பதற்குள் பகல் பாதி போய்விட்டது. அதற்கு மேல்தான் விதியைச் சொன்னான். காட்டில் கூட்டமாகப் போகிறவர்களுக்கு ஒரே விதி. பாதை பிரியும் இடத்தில் முன்னால் போகிறவன் கையைக் காட்டுவான். அவனுக்கு அடுத்து வருகிறவன் அங்கேயே நின்று, பின்னால் வருகிறவர்களுக்கு வழி காட்ட வேண்டும். கூட்டத்தின் கடைசி ஆள் வந்து "போ" என்று சொன்னால்தான் அவன் நகரலாம். கடைசி ஆள் எப்போதும் நர்ஸக்காதான். ஆரஞ்சு மேலங்கி போட்டுக்கொண்டு, சிதறியதை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வருகிற பொறுமை அவளுக்குத்தான் இருந்தது.

"நடுவுல ஒண்ணுக்கு வந்தா, மாமா?" என்றான் மச்சான்.

"நின்ன இடத்துலயே நின்னுக்கிட்டுப் போ."

"கடைசி ஆள் வரவே இல்லன்னா?"

"வருவாங்கடா. அதுக்குப் பேருதான் கடைசி ஆள்."

காடு தொடங்கியதும் பேச்சு அடங்கியது. உயரமான மரங்களுக்கு நடுவே மழைநீர் அரித்த மண் பாதை. அழுகிய இலையின் வாசம். இயல்பாக வண்டி ஓட்டினாலே யாரோ பின்னாலிருந்து இழுப்பது போல டயரைச் சேறு பிடித்தது. ஆனாலும் யூடர்னுக்கு மனம் நிறைந்திருந்தது. ஒரு திருப்பத்திலும் தப்பவில்லை. நிறுத்திய ஆட்களை நர்ஸக்கா ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தாள். நமக்குள்ளும் ஒரு தலைவன் தூங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டான்.

பள்ளத்தில் பாதை இரண்டாகப் பிரியும் இடம் வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அங்கே மட்டும் மரங்கள் நெருக்கமாக நின்றன. பூச்சிச் சத்தம்கூட இல்லை. ஈர இரும்பைக் கையில் தேய்த்து முகர்ந்தால் வருமே, அந்த வாசம். யூடர்ன் வலதுபக்கம் கையைக் காட்டினான். அடுத்து வந்த மச்சான் நின்றான்.

"மாமா, இங்க ஏற்கெனவே யாரோ நின்னிருக்காங்க போல. டயர் தடம் இருக்கு பாருங்க." குனிந்து பார்த்தான். "வந்த தடம் மட்டுந்தான் இருக்கு. போன தடத்தைக் காணோம்."

"அப்ப துணைக்கு ஆள் இருக்குன்னு வச்சுக்க," என்று சொல்லிவிட்டு யூடர்ன் கிளம்பினான். தன் ஜோக்குக்கு மச்சான் சிரிக்காதது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

வக்கீல் மட்டும் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார். இருவரும் மேட்டில் ஏறியபோது போன் அடித்தது. நர்ஸக்கா.

"பேக்கரியோட செயின் அறுந்துபோச்சு. காலைல நீ படுக்க வச்சல்ல, அதோட பலன். அந்தப் பள்ளத்துக்கு முன்னாடியே நிக்கிறோம். பக்கத்துல தார் ரோட்டுக்கு ஒரு குறுக்குப் பாதை இருக்கு. தள்ளிட்டே பங்குக்கு வந்துடுறோம். நீங்க உங்க வழியில வாங்க. சரியா?"

"சரிக்கா. அப்படியே செஞ்சிடலாம்," என்றான், யோசித்து முடிவெடுத்தவனின் குரலில்.

அவன் செய்த தவறு அதுதான். கடைசி ஆள் பாதையை விட்டு விலகிவிட்டால், திருப்பத்தில் நிற்கிறவனைக் கூட்டி வர யாரும் இல்லை. பள்ளத்தில் போன் எடுக்காது. மச்சான் விதியை ஒழுங்காகக் கேட்டுக்கொண்ட பையன். நிற்பான்.

பங்குக்கு வந்து, முகம் கழுவி, பேக்கரிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, அவர் "பரவால்லய்யா, பன்னு தீயறத விடவா" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தபோது நர்ஸக்கா கேட்டாள்.

"உன் மச்சான் எங்க?"

யூடர்ன் காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"பள்ளத்துத் திருப்பத்துலயா நிறுத்தின?" அவள் குரல் இறங்கிவிட்டது. "இரு, நானும் வர்றேன்."

"வேணாங்க்கா. நான் நிறுத்தினேன், நானே கூட்டிட்டு வர்றேன்."

அவள் அவன் கையைப் பிடித்தாள். "ஹெல்மெட் கண்ணாடியத் தூக்கச் சொல்லி மூஞ்சியப் பாரு. பாத்துட்டுக் கூப்பிடு."

"ஏன்க்கா?"

"பாருன்னா பாரு."

"சும்மா ஏன்னு சொல்லுங்களேன்."

"அந்தப் பாதையில நமக்கு முன்னாடியும் எத்தனையோ கூட்டம் போயிருக்கு. எல்லாரும் அங்க ஆள நிறுத்தியிருக்காங்க," என்றாள் நர்ஸக்கா. "எல்லாரும் கூட்டிட்டுப் போனாங்களான்னு யாருக்குத் தெரியும்? போ. இருட்டறதுக்குள்ள போ."

அவன் திரும்பிப் போனபோது பள்ளத்தில் பனி இறங்கியிருந்தது. ஹெட்லைட் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகாமல் பாலில் விட்ட விரல் போல மங்கியது. வழியெல்லாம் மன்னிப்பு வாசகங்களை ஒத்திகை பார்த்தான். உருக்கமாக ஒன்று, வேடிக்கையாக ஒன்று. வேடிக்கையாகச் சொல்வதே மேல் என்று முடிவு செய்தான்.

திருப்பம் வந்தது.

அங்கே ஆள் நின்றிருந்தது.

பைக்குக்குப் பக்கத்தில், மழைக்கோட்டு போட்டு, ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு, வலதுபக்கம் கையை நீட்டியபடி. அவன் சொல்லிவிட்டுப் போன அதே திசை.

நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது போல இருந்தது யூடர்னுக்கு. "மாப்ள," என்றான், "உலகத்துலயே உன்ன மாதிரி கடமை தவறாத ஆள நான் பாத்ததில்லடா. உங்கக்காகிட்ட மட்டும் சொல்லிடாத."

நீட்டிய கை அசையவில்லை.

பேசாமல் இருக்கும் மச்சானை அவன் இதுவரை பார்த்ததில்லை. கோபம், என்று நினைத்துக்கொண்டான். இந்தப் பனியில் இத்தனை நேரம் தனியாக நிற்க வைத்தால் யாருக்குத்தான் வராது? நர்ஸக்கா சொன்னது நினைவில் இருந்தது. கண்ணாடியைத் தூக்கு என்று சொல்ல வாயெடுத்தான். அதைத் தூக்கினால் அதற்குப் பின்னால் இருக்கும் கண்களைப் பார்க்க வேண்டியிருக்கும். அழுதிருந்தால்?

வெட்கம் தடுத்தது. அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. நெடுநாள் தண்ணீர் குடிக்காத தொண்டை போல.

"கடைசி ஆள் வந்தாச்சா?"

"நான்தான்டா இன்னிக்குக் கடைசி ஆள்," என்றான் யூடர்ன். "போதும் நின்னது. வா, போலாம்."

நீட்டியிருந்த கை மெதுவாக இறங்கியது, துருப்பிடித்த ரயில்வே கேட் இறங்குவது போல, கொஞ்சம் கொஞ்சமாக.

அவன் முன்னால் கிளம்பினான். பைக்கின் பக்கக் கண்ணாடியில் பின்னால் ஒற்றை வெளிச்சம் தொடர்ந்தது. மேட்டில் அவன் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. வேகம் எடுத்தால் அதுவும் எடுத்தது. நல்ல பிள்ளை, கற்றுக்கொண்டுவிட்டான், என்று நினைத்தான்.

சத்தம் மட்டும் ஒன்றுதான் கேட்டது. அவனுடைய இஞ்சின் மட்டும்.

அப்போது யாரோ கூப்பிட்டார்கள்.

"மாமா..."

கண்ணாடியைப் பார்த்தான். வெளிச்சம் அங்கேயே இருந்தது. "வந்துட்டுத்தானடா இருக்க, அப்புறம் என்ன மாமா?" என்று தோளுக்குப் பின்னால் கத்தினான்.

"மாமா. மாமா, இங்க..."

குரல் தூரமாகிக்கொண்டே போனது.

வெளிச்சம் அதே தூரத்தில்தான் இருந்தது.

காடு சத்தத்தைச் சிதறடிக்கும், திசை மாற்றும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கண் ஏமாற்றுவதை அவன் தொழிலில் தினமும் பார்க்கிறான். காது ஏமாற்றாதா என்ன? ஆனால் அதற்கு மேல் அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. முதுகு மட்டும் பார்த்துக்கொண்டே வந்தது.

பங்கின் ட்யூப்லைட் வெளிச்சம் தெரிந்தபோது மூச்சு வந்தது. பேக்கரிக்காரர் கைதட்டினார். "முழுசாக் கொண்டு வந்துட்டானய்யா யூடர்ன்," என்றார் வக்கீல்.

பின்னால் வந்த பைக் வெளிச்சத்துக்குள் வரவில்லை. ரோட்டோரம், இருட்டு தொடங்கும் கோட்டில் நின்றது. இறங்கிய உருவம் பைக்குக்குப் பக்கத்தில் நின்று, கையை நீட்டிக்கொண்டது. வந்த வழியைக் காட்டி.

"தம்பி, டியூட்டி முடிஞ்சுது. கைய இறக்குப்பா," என்று வக்கீல் சிரித்தார்.

நர்ஸக்கா சிரிக்கவில்லை. யூடர்ன் பக்கத்தில் வந்து நின்று, உதடு அசையாமல் கேட்டாள்.

"மூஞ்சியப் பாத்தியா?"

அவன் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. மனைவி.

"தம்பி வந்துட்டானா? போன் போகவே மாட்டேங்குது அவனுக்கு."

"இங்கதான் இருக்கான்."

"குடுங்க, பேசறேன்."

போனைக் கையில் வைத்துக்கொண்டு அவன் ரோட்டோரத்துக்கு நடந்தான். சில அடி தூரம்தான். நடக்க நடக்க அந்த வாசம் வந்தது, ஈர இரும்பு வாசம். பைக்கின் சக்கரக் கம்பிகளுக்கு நடுவே கொடி சுற்றியிருந்தது. இன்று சுற்றியது இல்லை. இலை விட்டு, தடித்து, கம்பியோடு கம்பியாகிவிட்ட கொடி. சீட்டின் மேல் பச்சைப் பாசி. யாரும் உட்கார்ந்து வந்ததற்கான ஒரு கசங்கல்கூட அதில் இல்லை.

அவன் நின்றான். ஒரு ஜோக் சொல்லலாம் என்று பார்த்தான். வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்றும் கிடைக்கவில்லை.

"மாப்ள," என்றான், காற்றைப் போல. "நீதானடா?"

போனில் மனைவி "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஹெல்மெட் மெதுவாக அவன் பக்கம் திரும்பியது.

"இல்லீங்க," என்றது குரல், மிகவும் பணிவாக, நன்றியோடு. "நீங்க என்னை வரச் சொல்லிட்டீங்க. அங்க யாராவது நிக்கணுமே. அவருதான் நிக்கிறாரு."